மலைமேல் ஒரு படகு

மலைநாட்டுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர், ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கு ஒரு முறை பஸ்ஸிற் பிரயாணஞ் செய்து பார்ப்பாராக. தேயிலைச் சரிவுகளின் காலடியில் காசல்ரீ நீர்த்தேக்கம் நம்மோடு கூடவே வளைந்து வளைந்து வரும். ஒரு குன்றின் பின்னே மறையும். அடுத்த திருப்பத்தில், நம்மை முந்திக்கொண்டு வந்து காத்திருந்ததுபோல, முன்னிலும் அகலமாய்த் தோன்றும். அக்கரையில் லயன் வரிசை, அதன் மேலே கொழுந்துச் சரிவு, அதற்கும் மேலே மேகம். வோர்லி தேவாலயத்தின் கல்லறை மேட்டில் நின்று பார்த்தால், 1878ஆம் ஆண்டில் அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார் இந்த நீரைக் காணவே இல்லையே என்ற எண்ணம் வரும். அவர்கள் கண்டது பள்ளத்தாக்கை மட்டுமே.

நமது மலைநாட்டில் நாம் கண்டு மகிழும் பெரிய நீர்ப்பரப்புகளெல்லாம் மனிதன் அணைகட்டித் தேக்கியவை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரியின் ஆணையால் உண்டானது. அதற்கு முன் அவ்விடம் வெறுஞ் சதுப்பு நிலம். பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து வாவியாக்கினார்கள். 1913இல் அந்த நீரையே ஒரு சுரங்கத்தின் வழியாக நானுஓயாப் பக்கமாகத் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். பின்னர், 1918இல், பொறியியலாளர் விமலசுரேந்திர இம்மலையாறுகளின் வீழ்ச்சியில் இலங்கைக்கு வேண்டிய மின்வலு அடங்கியிருக்கிறதென்று எழுதிக் காட்டினார். அவருடைய கனவு நனவாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாகலை அணை 1969இலும் நிறைவுற்றன.

ஆகவே இங்கே நீருக்கு முதல் வேலை விளக்கெரிப்பது. நம்மை மகிழ்விப்பது, நேரங்கிடைத்தாற் செய்யும் உபதொழில். இதை மறந்து படகு வாங்கப் புறப்படுகிறவர் பின்னர் வருந்த நேரும். என் மைத்துனர் ஒருவர் குடும்பத்துக்காகப் பழைய படகொன்றைத் தேடி அலைந்தபோது நானும் உடன் அலைந்தேன். அந்த அலைச்சலில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மைத்துனர் என் அத்தையின் மகன். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். காசல்ரீக் கரையில் ஒரு சிறு வீடும் உண்டு. நால்வர் அமரக்கூடிய 12 அடிப் பைபர் படகொன்றைப் பதினைந்து குதிரைவலு எஞ்சினுடன் உரிய அனுமதியோடு சில ஆண்டுகளாக வைத்திருந்தார். பிள்ளைகள் மூவரும் சிறியவர்களாக இருந்தவரை அது போதியதாக இருந்தது. இப்பொழுது மூத்தவன் என்னுடைய உயரம். நீரிற் சறுக்கிச் செல்லும் விளையாட்டைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு, அதைத் தானும் ஆடவேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். (இரண்டு பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு படகின் பின்னே நீர்மேற் சறுக்கலாம் என்பதை 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரால்ப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞன் செய்துகாட்டினான் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) மைத்துனரின் மனைவி எனக்குத் தங்கை முறை. கொழும்பிலிருந்து உறவினர் வந்தால் நீர்நடுவில் அமர்ந்து தேநீர் அருந்தி உரையாட ஒரு விசாலமான படகு வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மைத்துனருக்கோ இவ்விரண்டும் வேண்டும். காசும் மிஞ்ச வேண்டும்.

அத்தைக்கு வேறோர் ஆசை. அத்தை பிறந்து வளர்ந்தது பழைய மஸ்கெலியாவில். மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது அந்த நகரம் முழுவதும் நீருக்குட் போயிற்று. கடைத்தெருவும், கோயிலும், பள்ளிவாசலும், விகாரையும் கீழே கிடக்க, மேட்டில் புதிய மஸ்கெலியா எழுந்தது. கடும் வரட்சி வந்து நீர் வற்றுகிற ஆண்டுகளில் பழைய கோயிலின் கற்சுவர்கள் வெளியே தெரியும். சனங்கள் சேற்றில் நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார்கள். அத்தையும் போயிருக்கிறார்.

“தம்பி, தண்ணி வத்துன காலத்துல நான் நடந்து போயிருக்கேன். தண்ணி ரொம்பி நிக்கிற காலத்துல ஒரு தடவ அதுக்கு மேலால போகணும். எந்த எடமுன்னு நான் சொல்லுவேன். உங்க யாருக்கும் தெரியாது” என்றார்.

மைத்துனர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காசல்ரீ ஒரு பள்ளத்தாக்கு, மவுஸ்ஸாகலை மற்றொரு பள்ளத்தாக்கு. இடையில் ஒரு மலை. “அம்மாவுக்கு வாடகைக்கு ஒரு படகு பிடிச்சுக்கலாம் மச்சான்” என்று சொல்லிவிட்டார். படகு தேடும் படலம் முடியும்வரை அத்தையின் பேச்சு என் காதிலேயே இருந்தது.

படகைப் பார்ப்பதற்கு முன்னே நீரைப் பார்க்க வேண்டும். மின்சாரத்துக்காக நீரை எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். தென்மேற் பருவமழை வைகாசி கடைசியில் வலுத்து, ஆடி ஆவணியில் தேக்கத்தை நிரப்பும். தை மாசியிலிருந்து நீர் குறைந்து, சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து சேரும்போது கரையோரம் பல அடி அகலத்துக்குச் செம்மண் சேறாகக் கிடக்கும். விடுமுறையும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்று சொல்லலாம். இப்படி ஏறியிறங்கும் நீரில் நிலையான துறை கட்ட முடியாது. நேற்று இரவு முளையிற் கட்டிய படகு சில நாளிற் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும். ஆகவே வேண்டும்போது இறக்கி, வேலை முடிந்ததும் இழுத்தேற்றி வைக்கக்கூடிய படகே இங்கு உதவும். நீர் இறங்கும்போது மற்றோர் ஆபத்தும் மேலெழுகிறது. மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள், பழைய வீதிகளின் கல், இடிந்த சுவர் ஆகியவை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒளிந்திருக்கும். முழுவதும் வற்றினாற் கண்ணுக்குத் தெரியும். நிரம்பினால் ஆழத்திற் கிடக்கும். நடுத்தரமான மட்டந்தான் பொல்லாதது.

இரண்டாவது விஷயம் உயரம். காசல்ரீ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,600 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியா 6,100 அடிக்கு மேல். நுவரெலியாவிற் பருப்பு வேகச் சுணங்குவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. எஞ்சினுக்கும் இதே கதிதான். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் உள்ளிழுக்கும் மூச்சிற் பிராணவாயு குறைகிறது. ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வலு குறையும் என்பது கைக்கணக்கு. கடற்கரையில் 115 குதிரைவலு காட்டுகிற எஞ்சின் காசல்ரீயில் ஏறத்தாழ 102 குதிரைவலுதான் காட்டும்; கிரகரி வாவிக்குக் கொண்டுபோனால் 94க்கு இறங்கிவிடும். எரிபொருளைத் தானே அளந்து செலுத்தும் புதுவகை எஞ்சின்கள் கலவையைச் சரிசெய்துகொள்ளுமே தவிர, இல்லாத காற்றை உண்டாக்கா. கடற்கரையில் ஒருவனை அநாயாசமாய் நீரிலிருந்து தூக்கியிழுத்த படகு, இங்கே மூச்சு வாங்கி நிற்கும். இதற்குப் பரிகாரம் உண்டு. விசிறியின் இதழ்ச் சாய்வைச் சற்றுக் குறைத்து வேறு விசிறி பூட்டினால், உச்ச வேகம் குறைந்தாலும் புறப்படும் வலு மீளும். மலைப்பாதையில் லொறிக்காரர் கீழ்க் கியருக்கு மாற்றுவது போன்றதே இது.

இவ்வளவையும் காகிதத்திற் குறித்துக்கொண்டு, மைத்துனரும் அவர் மனைவியும் நானும் கீழே இறங்கினோம். பெரிய பழைய படகுகள் மலையில் அகப்படா. பொல்கொடை வாவி, நீர்கொழும்புக் களப்பு, பெந்தோட்டை ஆறு ஆகிய மூன்று இடங்களிலும் தேட வேண்டும்.

பொல்கொடையில் நாங்கள் பார்த்தது 24 அடி நீளமான மேடைப் படகு. இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்களின் மீது தட்டையான தளம், தளத்தின்மேல் சுற்றிலும் மெத்தை இருக்கைகள், மேலே துணிக்கூரை. தங்கை உள்ளே போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல், “அண்ணா, இதுலதான் பத்துப் பேரு உக்காந்து தேத்தண்ணி குடிக்கலாம்” என்றார். அது மெய். நமது கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயர் எடுத்துச்சென்று, பிற்காலத்தில் இரட்டை உடல் கொண்ட படகுக்கெல்லாம் அதே பெயரைச் சூட்டினார்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன்; ஆனாற் கேட்பாரில்லை. வயோதிகர் ஏறியிறங்கவும், பிள்ளைகள் ஓடியாடவும் இதைப்போற் பத்திரமான படகு வேறில்லை. இலேசிற் கவிழாது. ஒரே வாவியில், நல்ல துறையுள்ள இடத்தில், ஆயுள் முழுவதும் கிடக்கப்போகிற படகானால் இதையே வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மலைநாட்டுப் பள்ளத்தாக்கில் பிற்பகற் காற்று திடீரென்று சுழன்றடிக்கும். உயர்ந்த பக்கமும் கூரையும் பாய்போலக் காற்றைப் பிடிக்கும். எட்டரை அடி அகலத்தைக் கினிகத்தேனை வளைவுகளில் இழுத்துவந்தாலும், காசல்ரீக் கரையின் சேற்றில் அதை இறக்கவும் ஏற்றவும் நாலு ஆள் போதாது. அதில் இருந்த எஞ்சினோ பெரிய பையனை நீரிலிருந்து தூக்கப் போதாது. தங்கையின் முகம் வாடியது. நானும் உள்ளூர வருந்தினேன்.

நீர்கொழும்பிற் பார்த்த படகு கண்ணுக்கு மணப்பெண் போலிருந்தது. 21 அடி, முன்னே சிறு அறை, புதிதாக அடித்த வெள்ளை வர்ணம். பழைய படகிற் புது வர்ணத்தைக் கண்டாற் சந்தேகப்பட வேண்டும் என்று எங்களோடு வந்த வயதான எஞ்சின் பாஸ் முன்னமே சொல்லியிருந்தார். அவர் கையிற் கொண்டுவந்த ஆயுதங்கள் ஒரு மரச்சுத்தியல், ஒரு திருப்புளி, ஓர் அழுத்தமானி, பழந்துணி. அவ்வளவுதான். படகின் உடம்பு முழுவதையும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்திற் ‘டக் டக்’ என்று கணீரென ஒலித்தது. எஞ்சினைத் தாங்கி நிற்கும் பின்பலகைக்கு வந்ததும் ஒலி ‘தொப் தொப்’ என்று மாறியது. பூசணிக்காய் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கீழே இருந்த ஒரு திருகாணியைக் கழற்றினார். துளையிலிருந்து கபில நிறத் தண்ணீர் சொட்டியது. பைபர் ஓட்டுக்குள்ளே இருக்கும் பலகை உளுத்துவிட்டது என்பது பொருள். இத்தகைய பின்பலகையில் இருநூறு கிலோ எடையுள்ள எஞ்சினைத் தொங்கவிட்டு முழுவேகத்தில் ஓடினால் என்ன நேரும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பாஸ் அதோடு விடவில்லை. எஞ்சினின் அடிப்பாகத்திலுள்ள கியர் எண்ணெயைச் சில துளி வெளியே எடுத்து எங்களுக்குக் காட்டினார். அது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தேயிலைநாட்டார் எங்கும் காண விரும்பும் நிறமாயினும் அவ்விடத்தில் அது காணத்தகாதது. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டதற்கு அதுவே சாட்சி. உவர்நீரிற் பல்லாண்டு ஓடியமையால் உள்ளே உப்புப் படிந்திருந்தது. உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதற்காகப் பூட்டியிருக்கும் நாகத்தகடு முக்காற்பங்கு கரைந்திருந்தது. நல்ல தண்ணீருக்கு வரும் படகில் நாகத்தை எடுத்துவிட்டு மக்னீசியமோ அலுமினியமோ பூட்ட வேண்டும் என்பதை அன்றுதான் கேட்டறிந்தேன்.

மூன்றாவது படகு பெந்தோட்டையில். உல்லாசப் பிரயாணிகளை இழுத்தோடிய படகு. பதினெட்டரை அடி நீளம், ஏழரை அடி அகலம். அணியத்திலும் இருக்கைகள் உண்டு. நடுவே கண்ணாடித் தடுப்பு, பின்னே 115 குதிரைவலு எஞ்சின். தோற்றமோ பரிதாபம். மெத்தைகள் கிழிந்து பஞ்சு தொங்கியது. நிறம் வெயிலில் வெளிறியிருந்தது. சுக்கான் கம்பி இறுகிக் கிடந்தது. தங்கை இறங்கிப் பார்க்கவே இல்லை. வாகனத்தில் இருந்தபடியே கையால் வேண்டாமென்று சைகை காட்டினார்.

பாஸ் மட்டும் அவசரப்படாமற் சுற்றி வந்தார். பின்பலகை கணீரென்றது. தளத்தில் ஓரிடம், ஏணிக்கு அருகில், காலுக்கு மெத்தென்றிருந்தது. அந்த ஓர் இடந்தான். அடியிலுள்ள நெடுங்கட்டைகள் உறுதி. எண்ணெய் தெளிவு. எஞ்சினின் நான்கு உருளைகளிலும் அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம் என்றார். குளிர்ந்த எஞ்சினை நாங்களே முடுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். விற்பவர் முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் அதன் சோம்பல் நமக்குத் தெரியாது போய்விடும். பின்னர் ஆற்றில் முக்கால் மணி நேரம் ஓட்டினோம். மைத்துனர் முழுவேகத்தை விரும்பினார். பாஸோ மெதுவாக ஓட்டுவதிலும், பின்னோக்கிச் செலுத்துவதிலும், திடீரென நிறுத்துவதிலுமே நேரத்தைச் செலவிட்டார். திரும்பி வந்ததும் தளப்பலகையைத் தூக்கி, அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறதென்று பழந்துணியால் ஒற்றிப் பார்த்தார். துணி ஈரமாயிற்று, பிழியுமளவுக்கு இல்லை.

கிழிந்த மெத்தையை ஹட்டனிலேயே தைக்கலாம். உளுத்த பின்பலகையை எங்கே தைப்பது? பழைய படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மெத்தைக்குக் காசு கொடுத்துப் பின்பலகையை இனாமாக வாங்குகிறார்கள்.

அன்று மாலை காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்து விவாதித்தோம். தங்கையின் கேள்வி நியாயமானது: “இதுல எத்தன பேரு போகலாம்?” ஆள் எண்ணிக்கையைக் குறிக்கும் தகடு படகிலிருந்து எப்போதோ பெயர்ந்து போயிருந்தது. இருபது அடிக்குட்பட்ட ஒற்றை உடற்படகுகளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. நீளத்தை அகலத்தால் அடிக்கணக்கிற் பெருக்கிப் பதினைந்தால் வகுக்க வேண்டும். பதினெட்டரையை ஏழரையாற் பெருக்கினால் 138 முக்கால். பதினைந்தால் வகுத்தால் ஒன்பதே கால். மைத்துனர் வீட்டில் ஆறு பேர், எங்கள் வீட்டில் நால்வர். ஆகப் பத்து.

“ஒரு ஆளுதானே மச்சான்” என்றார் மைத்துனர்.

ஒரு ஆள்தான். மலைநாட்டில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்டேன். எங்கள் பத்துப் பேரில் இருவர். நம் பிள்ளைகள் மலையேறுவதில் ஆடுகளை ஒத்தவர்கள். கழுத்தளவு நீரைக் கண்டால் அஞ்சுகிறவர்கள். ஒன்பது என்பதும் அமைதியான நீரில், எல்லோரும் இடம் மாறாமல் அமர்ந்திருந்தாற் பொருந்துகிற கணக்கு. மேகம் விலகிச் சிவனொளிபாதமலை தெரிகிறது என்று எவராவது ஒருவர் கூவினால் ஒன்பது பேரும் ஒரே பக்கத்துக்குச் சாய்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் ஒரு தடவைக்கு ஏழு பேர், பயணம் இரண்டு தடவை என்று முடிவாயிற்று. ஒருவரைக் கயிற்றில் இழுக்கும்போது படகில் மூவர் போதும்: ஓட்டுகிறவர், இழுபடுகிறவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர், அடுத்த முறைக்குக் காத்திருக்கிறவர். ஓட்டுகிறவர் முன்னே பார்க்க வேண்டியவர். பின்னே பார்க்கத் தனியாள் கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஓடும்போது பின்விளிம்பில் எவரும் உட்காரலாகாது. விசிறியின் பயம் ஒன்று, புகையின் நஞ்சு மற்றொன்று. அந்தப் புகையில் மணமில்லாத விஷவாயு உண்டு. திறந்த வெளியிலுங்கூட அது ஆளை மயக்கும்.

விலையை எழுதினால் மைத்துனர் கோபிப்பார். பெந்தோட்டைக்காரர் சொன்னதிலிருந்து கணிசமாகக் குறைந்தது என்பதையும், குறைந்த தொகை முழுவதும் புது விசிறிக்கும், சுக்கான் கம்பிக்கும், ஆளுக்கொன்றாய்ப் பத்து உயிர்காப்பு அங்கிகளுக்கும் போயிற்று என்பதையும் மாத்திரம் சொல்லிவைக்கிறேன். அங்கிகளைப் பிள்ளைகளின் உடம்பளவுக்குத் தனித்தனியே பார்த்து வாங்கினோம். பெரியவர்களின் அங்கியைச் சிறுவனுக்கு மாட்டினால், நீரில் விழும்போது அங்கி மேலே மிதக்கும், சிறுவன் கீழே நழுவுவான். ஓட்டுபவரின் இடுப்போடு பூட்டி, அவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் சிறு கயிறு இந்தப் படகிற் காணாமற் போயிருந்தது. சொற்ப விலைதான். அது வந்து சேரும்வரை படகை எடுக்க மாட்டேன் என்று பாஸ் பிடிவாதமாக இருந்தார்.

படகை மலையேற்றிய கதையை விரித்தால் இன்னொரு கட்டுரையாகும். டிரெயிலரின் சக்கரக் குண்டுகள் உப்புநீரில் துருப்பிடித்திருந்தன; புதியன போட்டு மசகிட்டுப் புறப்பட்டோம். அவிசாவளை, எட்டியாந்தோட்டை கடந்து கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தினோம். கீழே களனி ஆற்றில், வெளிநாட்டார் சிலர் காற்றடித்த தெப்பத்தில் நுரைக்குள் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நீரிற் பெரும்பங்கு காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் தேங்கி நின்று, மின்நிலையங்கள் வழியே இறங்கிவந்த நீரே. நீர் இறங்கிவந்த மலையில் நாங்கள் படகோடு ஏறினோம். கினிகத்தேனைக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் பஸ்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்ததென்று சொல்ல முடியாது. ஹட்டனுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. கடைத்தெருவில் ஒரு பெரியவர் டிரெயிலரைச் சுற்றி வந்து, “தேருங்களா?” என்று கேட்டார்.

சித்திரையிற் காசல்ரீ நீர் வெகுவாய் இறங்கியிருந்தது. கரையில் நின்று படகைத் தள்ளிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் ஏற்றிவைத்தோம். அந்த விடுமுறையிற் பிள்ளைகள் அதைக் கழுவியும் உட்கார்ந்தும் திருப்தியடைய வேண்டியதாயிற்று. ஆடி பிறந்து தேக்கம் நிரம்பியபின், ஒரு காலைப் பொழுதில், காற்றெழுவதற்கு முன் இறக்கினோம். சாய்வு குறைந்த புது விசிறி சொன்னபடி வேலை செய்தது. பெரியவன் ஏழு முறை நீரைக் குடித்து எட்டாவது முறை எழுந்து நின்றான். பின்பார்க்கும் பதவி என் மகளுக்கு. கையை உயர்த்தினால் நிறுத்து, கட்டைவிரலைக் காட்டினால் இன்னும் வேகம் என்று சைகைகளை வகுத்துக்கொண்டு, அவள் ஒரு பாடசாலைத் தலைமையாசிரியரின் மிடுக்கோடு அமர்ந்திருந்தாள். தங்கை போத்தலில் கொண்டுவந்த தேநீரை ஏழு பேரும் நீர்நடுவில் அருந்தினோம். பொல்கொடைப் படகின் விசாலம் இல்லை, முழங்கால்கள் இடித்தன.

அத்தை அன்று படகில் ஏறவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பியதும் எவரிடமும் கேளாமல் டிரெயிலரிடம் நடந்துபோய் அதன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது மஸ்கெலியாவுக்கு வருமுல்ல?”

வரும். நோர்வூட்டைக் கடந்து மலையைச் சுற்றிக்கொண்டு போனால் மவுஸ்ஸாகலை. மேடைப் படகை வாங்கியிருந்தால் வந்திராது என்பதை மைத்துனர் அப்பொழுதுதான் உணர்ந்தவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெந்தோட்டைப் படகின் பக்கம் பேசியதற்கு உளுக்காத பின்பலகை மாத்திரம் காரணமல்ல.

மவுஸ்ஸாகலையில் இறக்குவதற்கு வேறாக அனுமதி வேண்டும். அணையருகிலும் நீர்வாயிலருகிலும் படகு நெருங்கக்கூடாத எல்லை எது என்பதையும் கேட்டறிய வேண்டும். மைத்துனர் உரிய இடத்துக்கு எழுதியிருக்கிறார், மறுமொழியை எதிர்பார்த்திருக்கிறோம். அதற்கிடையில் அத்தை என் மகளின் அப்பியாசக் கொப்பியொன்றை வாங்கிப் பழைய நகரத்தைக் கோடு கோடாக வரைவித்துக்கொண்டிருக்கிறார். பாலம் எங்கே, கோயிற் படி எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரே எந்தக் கடை என்று அவர் சொல்லச் சொல்ல மகள் குறிக்கிறாள். கோயிற் சுவர் எவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். இரண்டு ஆள் உயரம் இருக்கும் என்றார். அப்படியானால் நீர் முழுவதும் நிரம்பி நிற்கும் நாட்களில் மாத்திரமே அதன் மேலாகச் செல்லலாம், எஞ்சினை நிறுத்தித் துடுப்பால் தள்ளிக்கொண்டு போவது உத்தமம் என்று கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன். இரண்டு துடுப்புகள் வாங்க வேண்டும்.